ஸ்விட்ச் 2 வீட்டுக்கு வந்துவிட்டதா? செட்டிநாட்டு வீடுகளுக்கான முதல் நாள் வழிகாட்டி

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 என்ற வீடியோ கேம் கன்சோல் 2025 ஜூன் 5 அன்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நாளில் கடைக்கு வந்தது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் அது தென்படத் தொடங்கிவிட்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஆள் இல்லாத குடும்பத்தை இந்த வட்டாரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ வருகிற சித்தப்பாவின் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே அதுவும் வந்து இறங்கிவிடுகிறது. கொண்டுவந்தவர் விடுமுறை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். அதை எப்படி அமைப்பது, எதைச் செய்யக் கூடாது, எதற்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்பதையெல்லாம் வீட்டில் இருப்பவர்களே கண்டறிய வேண்டியிருக்கும். இதற்கு முன் கன்சோல் எதையும் தொட்டிராத அவர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

இது மூன்று வகையில் பயன்படும் கருவி. இருபுறமும் கன்ட்ரோலர்களைப் பொருத்திக் கையில் வைத்து ஆடலாம். பின்னால் உள்ள தாங்கியை விரித்து மேசையில் நிறுத்தி, கன்ட்ரோலர்களைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆடலாம். டாக் எனப்படும் இருக்கையில் செருகினால் படம் டிவிக்குப் போய்விடும். பெட்டியின் மேல் 4கே என்று பார்த்தவர்கள் டிவியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். என் கருத்து வேறு. நம் வீடுகளைப் பொறுத்தவரை இது முதலில் கைக்கும் மேசைக்கும் உரிய கருவி, அதற்குப் பிறகே டிவிக்கு உரியது. இதற்கான காரணங்கள் கீழே ஒவ்வொன்றாக வரும்.

வாங்கச் சொல்லும் முன்

வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்கிவரச் சொல்வதாக இருந்தால், எந்த நாட்டுப் பதிப்பு என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுங்கள். ஜப்பானில் இதற்கு இரண்டு பதிப்புகள் உள்ளன. வெளியீட்டின்போது 49,980 யென்னுக்கு விற்ற பதிப்பு ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். ஜப்பானை நாடாகக் குறிப்பிட்ட நிண்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் சேர்க்க முடியும். போதாக்குறைக்கு, ஆட்டங்களை விற்கும் நிண்டெண்டோவின் ஜப்பானிய இணையக் கடை 2025 மார்ச் முதல் வெளிநாட்டுக் கடன் அட்டைகளையும் ஏற்பதில்லை. பல மொழிப் பதிப்பின் வெளியீட்டு விலை 69,980 யென். அந்த விலை வித்தியாசத்தைப் பார்த்து மலிவானதைக் கொண்டுவந்தால், மெனுவைக்கூடப் படிக்க முடியாத ஒரு பொருளை வீட்டில் வைத்திருப்போம். அமெரிக்காவில் வெளியீட்டு விலை 449.99 டாலர், அந்தப் பதிப்பில் மொழித் தடை கிடையாது.

உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடுகிறது. பழுதென்றால் கொண்டுவந்தவர் கையிலேயே திரும்பக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் ரசீதைப் பெட்டியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். விமான நிலையச் சுங்கத்தில் விலையைக் காட்டவும் அது உதவும். இரண்டாம் கைக்கு வாங்குவோர் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திருட்டு நகல் ஆட்டங்களை ஓட்டும் அட்டைகளைச் செருகிய கன்சோல்களை நிண்டெண்டோ தன் இணையச் சேவைகளிலிருந்து விலக்கிவிடுகிறது. அந்தத் தடை கணக்கோடு நிற்காமல் கருவியின் மீதே விழுகிறது. ஆகவே பணத்தைக் கொடுக்கும் முன், விற்பவர் கண்ணெதிரிலேயே கன்சோலை இணையத்தில் இணைத்து, அதிலுள்ள கடை திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறக்கவில்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும்

உள்ளே கன்சோல், ஜாய்-கான் 2 எனப்படும் இடது, வலது கன்ட்ரோலர்கள், அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க உதவும் பிடி, மணிக்கட்டு வார்கள், டாக், மின் அடாப்டர், சார்ஜ் கேபிள், எச்டிஎம்ஐ கேபிள் ஆகியவை இருக்க வேண்டும். பிடியில் செருகிவிட்டால் கன்ட்ரோலர்கள் சார்ஜ் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியோடு வரும் பிடி சார்ஜ் செய்யாது, கன்சோலின் பக்கத்தில் பொருத்தினால்தான் சார்ஜ் ஏறும்.

அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஆகவே நம் மின்சாரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை, பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு பொருள் ஒன்று போதும். சிங்கப்பூர், மலேசியப் பிளக்குகளில் பட்டையான மூன்று முனைகள் இருக்கும். நம் சுவரிலுள்ள வட்டத் துளைகளுக்குள் அவற்றைத் திணிக்க முயல வேண்டாம். மின்சாமான் கடையில் கிடைக்கும் மாற்றியை வாங்கும்போது, தளர்வில்லாமல் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று அங்கேயே செருகிப் பாருங்கள். டாக்கைப் பயன்படுத்தும்போது இந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். பழைய ஸ்விட்சின் அடாப்டர் கன்சோலுக்கு சார்ஜ் ஏற்றும், ஆனால் டிவியில் படம் காட்ட அதன் திறன் போதாது.

திரையின் மேல் மெல்லிய படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். புதுப் பொருளின் மேல் ஒட்டியிருப்பதை உரித்தெடுத்துத்தான் நமக்குப் பழக்கம். இதை உரிக்கக் கூடாது. திரை உடைந்தால் சில்லுகள் சிதறாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ஒட்டியது அது. கீறல் விழாமல் இருக்க வேண்டுமானால் அதன் மேலேயே இன்னொரு கண்ணாடிப் படலத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

கையில் எடுத்ததும் என்னைக் கவர்ந்தது கன்ட்ரோலர்கள் பொருந்தும் விதம். பழைய ஸ்விட்சில் அவற்றைத் தடத்தில் மேலிருந்து கீழே சறுக்கி இறக்க வேண்டும். இதிலோ பக்கவாட்டுக் குழிக்கு அருகே கொண்டுபோனாலே காந்தம் இழுத்து, ‘டக்’கென்ற ஒலியோடு பிடித்துக்கொள்கிறது; கழற்ற வேண்டுமானால் கன்ட்ரோலரின் பின்புறம் உள்ள விசையை அழுத்தி வெளிப்பக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும். விசையை அழுத்தாமல் பிய்த்து இழுக்கக் கூடாது என்பதைச் சிறுவர்களுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள். இரண்டும் பார்வைக்குக் கறுப்பாகவே இருந்தாலும், பொருந்தும் இடத்திலும், கட்டைவிரலால் நகர்த்தும் குச்சியின் அடியிலும் இடப்பக்கத்துக்கு நீலமும் வலப்பக்கத்துக்குச் சிவப்பும் உள்ளதால் குழப்பம் வராது.

திரை 7.9 அங்குலம், 1920க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கும் எல்சிடி. பழைய முதல் மாதிரியின் 6.2 அங்குலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆயினும் தடிமன் அதே 13.9 மில்லிமீட்டர்தான், கன்ட்ரோலர்களோடு எடை ஏறத்தாழ 534 கிராம். பெரியவர்களின் கைக்கு இது பாரமில்லை, எட்டு வயதுப் பிள்ளை படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்தால் சீக்கிரமே கை வலிக்கும். குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், வேகமாக நகரும் காட்சிகளில் உருவங்களின் ஓரம் சற்று மங்கலாக இழுபடுகிறது. பழைய ஸ்விட்சின் ஓஎல்இடி மாதிரியை வைத்திருப்பவர்களுக்கு இதன் கறுப்பு நிறமும் அடர்த்தி குறைவாகத் தோன்றும். புதிதாக வாங்குபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடலாம்.

இயக்கி, இணையத்தில் இணைப்பது

சார்ஜ் போட்ட நிலையிலேயே முதல் முறை இயக்குங்கள். மொழி, வட்டாரம், இணையம், நேர மண்டலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இணையம் கேட்கும் இடத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிவிட வேண்டாம். வெளியீட்டு நாளிலேயே வந்த மென்பொருள் புதுப்பிப்பு ஏறினால்தான் பழைய ஸ்விட்ச் ஆட்டங்கள் உட்படப் பல வசதிகள் திறக்கும். பழைய ஸ்விட்ச் வீட்டில் இருந்தால், அதிலுள்ளவற்றை மாற்றும் வேலையையும் இந்தத் தொடக்க அமைப்பின்போதே, இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்து முடித்துவிடுவது நல்லது. பக்கத்தில் வைக்காமல் நிண்டெண்டோவின் சர்வர் வழியாக மாற்றுவதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கருவி துடைக்கப்பட்டுவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் பக்கத்து வீடுகளின் இடைஞ்சல் இங்கேதான் தொடங்குகிறது. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் ரூட்டரை முகப்பில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில், அக்காலச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பருத்த சுவர்களைத் தாண்டி அலை உள்ளே போவதற்குள் வலுவிழந்துவிடுகிறது. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவருக்குச் சுவர் வேகமாகத் தேயும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் அதைவிடத் தூரம் போகும். ஆகவே புதுப்பிப்பையும் ஆட்டங்களையும் இறக்கும் வேலையை மட்டும் முகப்பில், ரூட்டருக்குப் பக்கத்தில் அமர்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் முடித்துவிடுங்கள். தனியாக ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதன்பின் இணையம் தேவைப்படாது, கன்சோலை எந்தக் கட்டுக்கும் எடுத்துப் போகலாம். இரண்டாம் கட்டில் டிவி வைத்திருப்பவர்கள் இணையவழிப் போட்டியில் இறங்க விரும்பினால், டாக்கிலேயே லேன் கேபிளுக்கான துளை இருக்கிறது; வளவுத் தூண்களின் ஓரமாக ஒரு கேபிளை இழுத்துவிட்டால் சுவர்த் தொல்லை தீர்ந்தது.

செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் தொடக்க அமைப்பை முடித்துவிடலாம். ஆட்டங்களை இறக்க அது ஒத்துவராது. மரியோ கார்ட் வேர்ல்ட் ஒன்றே 20 ஜிபியைத் தாண்டுகிறது. நாளைக்கு 2 ஜிபி என்ற கணக்கில் டேட்டா போட்டிருப்பவர் ஒரே ஆட்டத்துக்குப் பத்து நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

கணக்கு தொடங்கும்போது நீங்கள் குறிப்பிடும் நாட்டுக்கு உரிய இணையக் கடைதான் கன்சோலில் திறக்கும். கருவியை வாங்கிக்கொடுத்த உறவினர் இருக்கும் நாட்டையே குறிப்பிட்டால், அந்த நாட்டு முன்பண அட்டையின் எண்ணை அவர் வாங்கி அனுப்ப, நீங்கள் இங்கே போட்டுக்கொள்ளலாம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு, அதன் பிறகும் மறுக்கப்பட்டு அலைவதைவிட இது நிம்மதி.

வெயிலும் தூசியும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று நிண்டெண்டோ சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் காரைக்குடி வெயில் அந்த மேல் எல்லையை நண்பகலுக்கு முன்பே தாண்டிவிடும். ஜப்பானிய வீட்டை மனத்தில் கொண்டு வகுத்த அளவு நமக்குப் பொருந்தாது என்று அலட்சியப்படுத்த வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளக் கன்சோல் தானே உறங்கிவிடும், அப்படி அடிக்கடி நேர்ந்தால் பேட்டரியின் ஆயுளும் குறையும். லித்தியம் பேட்டரி ஆய்வு நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையே ஊருக்குள் வைத்திருக்கிற காரைக்குடிக்காரர்களுக்கு, வெப்பத்துக்கும் பேட்டரிக்கும் உள்ள பகையை நான் விளக்குவது மிகை.

நடைமுறையில் செய்ய வேண்டியவை எளியவை. கோடையில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை ஆடுவதானால், தளம் குளிர்ந்திருக்கும் உள்கட்டில், மின்விசிறிக்கு அடியில் ஆடுங்கள். மொட்டைமாடி அறையும் வெயில் இறங்கும் திண்ணையும் வேண்டாம். காற்று வெளியேறும் துளைகள் கன்சோலின் மேல் விளிம்பில் உள்ளன. மெத்தையிலோ தலையணையிலோ சாய்த்து வைத்தால் அவை அடைபட்டுவிடும். சார்ஜ் ஏறும்போது ஆடினால் சூடு இன்னும் கூடுமென்பதால், கோடையிலாவது சார்ஜ் ஏற்றுவதையும் ஆடுவதையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ காரில் வரும்போது கன்சோலை டேஷ்போர்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது, எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம்.

பேட்டரியின் கொள்ளளவு 5220 மில்லியாம்ப் மணி. ஆட்டத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 6.5 மணி நேரம் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கனமான புதிய ஆட்டங்களில் அந்த இரண்டு மணிப் பக்கமே நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவியின் உண்மையான பலவீனம் இதுதான். முழுச் சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் பிடிக்கும். அமைப்புகளில் சார்ஜை 90 விழுக்காடு அளவில் நிறுத்தும் வசதி உண்டு. பெரும்பாலும் டாக்கிலேயே வைத்திருப்பவர்கள் அதை இயக்கிவிடுவது பேட்டரிக்கு நல்லது.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்ட்ரோலர் குச்சி தொடாமலே தானாக ஒரு பக்கம் நகரும் கோளாறு பழைய ஸ்விட்சில் பரவலாகப் பேசப்பட்டது. புதிய குச்சிகள் பெரியவையாகவும் வழவழப்பாகவும் இருந்தாலும், அந்தக் கோளாறுக்குத் தீர்வாகப் பலரும் எதிர்பார்த்த காந்த உணரி வகை இவற்றில் இல்லை. செம்மண் புழுதி பறக்கும் ஊர்களில் இதைத் திறந்தபடி போட்டுவைக்காமல் உறையில் வைப்பதே பாதுகாப்பு.

டிவியில் இணைப்பது

டாக்கின் பின்மூடியைத் திறந்து அடாப்டரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் செருகி, கன்சோலை மேலிருந்து இறக்கினால் வேலை முடிந்தது. 4கே டிவியானால் நொடிக்கு 60 காட்சிகள் வரையும், 1080 அல்லது 1440 அளவில் 120 காட்சிகள் வரையும் தரும். எல்லா ஆட்டமும் அந்த உச்சத்தைத் தொடும் என்று எண்ண வேண்டாம். மலிவான டிவிகளில், ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் எச்டிஆர் அமைப்பில் நிறங்கள் வெளிறித் தெரிந்தால் அதை அணைத்துவிடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை. ஆட்டம் நடுவே மின்சாரம் போனால் கன்சோலை டாக்கிலிருந்து எடுத்து, விட்ட இடத்திலிருந்தே கையில் தொடரலாம். சாதாரண டிவி கன்சோல்களுக்கு இல்லாத இந்த வசதியை நம்மூரில் அடிக்கடி பயன்படுத்த நேரும்.

ஆட்டங்களும் அட்டைகளும்

கருவிக்குள் 256 ஜிபி இடம் இருக்கிறது. அது போதாமல் அட்டை வாங்கப் போகும்போதுதான் பணம் வீணாகும் அபாயம் அதிகம். செல்பேசிக்குப் போடும் சாதாரண மைக்ரோ எஸ்டி அட்டை இதற்குள் நுழையும், ஆனால் அதில் ஆட்டங்களைச் சேமிக்க முடியாது. பழைய ஸ்விட்சில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் பார்க்க மட்டுமே உதவும். ஆட்டங்களுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். அட்டையின் மேல் ‘இஎக்ஸ்’ என்ற குறி அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாலும் குறியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு உள்ளிருக்கும் இடமே போதும். அட்டையைப் பிறகு வாங்கலாம்.

கடையில் விற்கும் ஆட்ட அட்டைகளிலும் இரண்டு வகை உண்டு. சைபர்பங்க் 2077 போன்றவை முழு ஆட்டத்தையும் அட்டைக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்றவை சாவி அட்டைகளாக வருகின்றன: அட்டையில் ஆட்டம் இருக்காது, அதைச் செருகிய பிறகு முழு ஆட்டத்தையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஆடும்போதெல்லாம் அட்டையும் உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் முன்புறம் அடியில் உள்ள வெள்ளைப் பட்டை இதைத் தெரிவிக்கும். இணையம் தள்ளாடும் ஊரில் இருப்பவருக்குச் சாவி அட்டையைப் பரிசாகக் கொடுப்பது அவரைச் சோதிப்பதற்குச் சமம்.

பழைய ஸ்விட்ச் ஆட்டங்களில் பெரும்பாலானவை இதில் ஓடுகின்றன என்பதால், உறவினர் வீட்டில் தூங்கும் பழைய அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் போன்ற சிலவற்றுக்கு இலவசப் புதுப்பிப்பே கிடைக்கிறது. முன்பு திணறியபடி ஓடிய அவை இப்போது மிகச் சீராக ஓடுகின்றன. புது ஆட்டத்துக்குப் பெரும் தொகை கொடுக்கும் முன் இவற்றை ஆடிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வீடு நிறையக் கூட்டம் இருக்கும்போது

ஒரு ஜோடி ஜாய்-கானை ஆளுக்கொன்றாகப் பிரித்துப் படுக்கைவாட்டில் பிடித்தால் இரண்டு பேர் ஆடலாம். தனியாக வாங்கச் செலவில்லை. பழைய ஸ்விட்சின் ஜாய்-கான்களைப் பக்கத்தில் பொருத்த முடியாது, ஆனால் கம்பியில்லாமல் இணைத்துக்கொள்ளலாம் என்பதால், அவையும் இருந்தால் நால்வர் மரியோ கார்ட் வேர்ல்டில் ஒரே திரையில் பந்தயம் விடலாம். அந்த ஆட்டத்தில் வண்டி தானே முன்னேறவும், பாதையை விட்டு விலகாமல் இருக்கவும் உதவும் அமைப்புகள் உண்டு. அவற்றை இயக்கிக் கொடுத்தால் ஐயாவும் ஆயாவும்கூடத் தோற்காமல் ஓட்டிவிடுவார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் கடைசியில் கன்ட்ரோலரைத் தர மறுக்கிறார்கள். உறவினர் குடும்பம் இன்னொரு ஸ்விட்சைக் கொண்டுவந்திருந்தால், ஒரே ஆட்டப் பிரதியை அருகிலுள்ள மற்றக் கருவிகளோடு பகிரும் கேம்ஷேர் வசதியையும், அது பொருந்தும் ஆட்டங்களில் முயன்று பாருங்கள். தரையில் உயரம் குறைந்த பலகை ஒன்றை வைத்து, அதன் மேல் கன்சோலை நிறுத்தி, சுற்றி அமர்ந்து ஆடுவதற்கு நம் வளவு பொருத்தமான இடம்.

கன்ட்ரோலரை விளிம்பில் நிறுத்தி மவுஸ் போலவும் தேய்க்கலாம். ஆத்தங்குடித் தளத்தின் மினுமினுப்பில் அதன் உணரி தடுமாறக்கூடும். அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தையோ துணியையோ விரித்துக்கொள்ளுங்கள்.

வலது கன்ட்ரோலரில் உள்ள ‘சி’ பொத்தான் கேம்சாட்டைத் திறக்கும். கன்சோலிலேயே ஒலிவாங்கி இருப்பதால், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே ஆடலாம். 2026 மார்ச் 31 வரை இதைச் சந்தா இல்லாமல் பயன்படுத்த நிறுவனம் அனுமதித்தது. அதற்குப் பின் நிண்டெண்டோவின் இணையச் சந்தா வேண்டும். தொலைபேசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் தம் செல்பேசியிலுள்ள பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி வழியாக அனுமதி தர வேண்டும். அந்தச் செயலியை நிறுவும்போதே நாளுக்கு எவ்வளவு நேரம் ஆடலாம் என்ற வரம்பையும் போட்டுவிடுங்கள். பிறகு போடுவதானால் வாக்குவாதம் நிச்சயம்.

விடுமுறை முடிந்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறவர்கள் கன்சோலை இங்கேயே விட்டுப் போவதானால், முழுவதும் அணைத்து, அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றி, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றாமல் கிடந்தால் பேட்டரி மறுபடி சார்ஜே ஏற்காமல் போகக்கூடும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியோடு சேர்த்து இந்த வேலையையும் ஒப்படைத்துவிடுங்கள்.